இரண்டு கயிறு

1908ஆம் வருஷம் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச் முதல் வாரத்திலும் தூத்துக்குடிக் கடற்கரையில் மாலை வேளைகளில் கூட்டம் கூடியது. பேசியவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்ததும், மார்ச் 12ஆம் தேதி தலைவர்கள் கைதானதும், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததும் பள்ளிக்கூடப் பையன்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதிகள். ஆனால் அந்தக் குரல் எப்படி இருந்தது? கனத்த குரலா, கீச்சுக் குரலா? சிவா ஆவேசம் வந்தால் வார்த்தைகளை விழுங்குவாரா, அல்லது நிறுத்தி நிறுத்திப் பேசுவாரா? பதில் சொல்ல ஆளில்லை. 1902இலேயே கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாட்டுக்களைப் பதிவு செய்துகொண்டு போய்விட்டார். ஆனால் அந்த யந்திரத்தின் குழாய் பாட்டுக்காரர்களின் பக்கம் திரும்பியதே தவிர, கடற்கரை மணலில் நின்று தொண்டை கிழியப் பேசியவர்களின் பக்கம் திரும்பவில்லை.

இருந்தாலும் அவர்கள் பேசியதில் ஒரு பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. யார் கொடுத்தது தெரியுமா? போலீஸ்காரர்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவர்கள் எடுத்த குறிப்புகள்தாம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆயின. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. சிவாவுக்கு 10 வருஷம். பேசியவன் பேச்சை அவனைச் சிறைக்கு அனுப்பியவன் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் பேரன் தலைமுறை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. கேட்டவன் எதை எழுதினானோ அதுதான் மிச்சம். எதை விட்டானோ அது கடற்காற்றோடு போயிற்று.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் ஒரு கம்பி. என் சுண்டு விரல் கனம்கூட இராது. மைக் செட்டுக்காரருடைய மிக்ஸர் என்ற மேஜை யந்திரத்தின் முதுகிலிருந்து கிளம்பி, பக்கத்தில் மடியில் வைத்துக்கொள்ளும் அளவிலிருக்கும் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேருகிறது. இந்தக் கரையில் கோயில் கொடைக்கோ, மாதா கோயில் திருவிழாவுக்கோ, குலசேகரப்பட்டினம் தசராவுக்கோ போகிறவர்கள் ஒலிபெருக்கியைப் பார்ப்பார்கள். அதன் சத்தத்தைத் திட்டுவார்கள். இந்தக் கம்பியைக் கவனிப்பவர் யாரும் இல்லை. எனக்கோ, யார் குரலை யார் எழுதி வைக்கிறார்கள் என்ற அந்த 1908ஆம் வருஷத்துக் கேள்வி இந்தக் கம்பிக்குள்தான் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் குரல்கள் எல்லாம் சொந்தக் காலில் நின்ற குரல்கள். தமிழ் நாடகத்துக்குத் தந்தை என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி தூத்துக்குடிப் பக்கத்து ஊர்தான். அவர் பாட்டெழுதிய காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். ஆகவே கட்டை ஏறிக்கொண்டே போயிற்று. கிட்டப்பா எட்டாத உச்சியில் பாடினார் என்று கிழவர்கள் கண்ணில் நீர் மல்கச் சொல்வார்கள். அந்தச் சங்கீதத்தின் உயரத்துக்குக் கற்பனை பாதிக் காரணம் என்றால், கொட்டகையின் நீளம் மீதிப் பாதி. 1933இல் தம் இருபத்தேழாவது வயதில் கிட்டப்பா மறைந்தார். மைக் வந்து, மெல்லப் பாடினாலும் ஊர் கேட்கும் என்ற நிலைமை வருவதற்குள் அவர் போய்விட்டார். அவர் பாடிய இசைத் தட்டுகள் இருக்கின்றன. ஆனால் மூன்று நிமிஷத்துத் தட்டில் விடிய விடிய நடந்த நாடகம் அடங்குமா?

அமெரிக்காவில் ஜென்ஸன், பிரிதாம் என்ற இரண்டு பேர் 1915ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஸான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டையும் பேச்சையும் பெருங்கூட்டத்துக்குக் கேட்கச் செய்தார்கள். நம் தேசத்தில் காங்கிரஸ் கூட்டங்களில் மகாத்மாவுக்கும் நேருவுக்கும் முன்னால் ‘சிக்காகோ ரேடியோ’ என்று எழுதிய மைக் நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பேரைப் பார்த்து அமெரிக்கச் சரக்கு என்று எண்ணி விடாதீர்கள். அது மோட்வானி குடும்பத்தாரின் இந்தியக் கம்பெனி. 1940இல் டில்லியில் அஹுஜா கம்பெனி பிறந்தது. அதன் பிறகு கிராமத்து மைக் செட்டுக்காரனுக்கு ‘அஹுஜா’ என்பது ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல் யந்திரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. குழாய் ஸ்பீக்கர் பனைமரத்தில் ஏறியது. காது குத்துக்கும் கருமாதிக்கும் அதே குழாய்.

மிக்ஸர் என்றால் காராபூந்தியும் ஓமப்பொடியும் கலந்த பண்டம் அல்ல. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் இந்த மடையை ஒரு சாண் தூக்கு, அந்த மடையைப் பாதி அடை என்று நீர் பாய்ச்சுகிறவன் செய்கிற காரியம்தான் இது. திசை மட்டும் நேர் எதிர். பல வாய்க்கால்களில் வந்து சேரும் ஒலியை இவன் அளவு பார்த்து ஒரே ஆறாக்கி அனுப்புகிறான். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பாட்டுக்காரருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, ஜால்ராவுக்கும் கட்டைக்கும் பொதுவாக ஒன்று, வில்லில் கட்டிய மணிக்கு ஒன்று. குடத்தின் மடையைக் கொஞ்சம் அதிகம் திறந்துவிட்டால் கதை மூழ்கிப் போகும். திறக்காமலே விட்டாலோ வில்லுப்பாட்டு கதாகாலட்சேபம் ஆகிவிடும். இந்த நிதானம் கையில் இருக்கிறவன்தான் மைக் செட்டுக்காரன். மற்றவன் மைக் வாடகைக்கு விடுகிறவன்.

பழைய மிக்ஸரில் ஒரு குறை உண்டு. ஆறாகக் கலந்த பிறகு எந்தத் துளி எந்த வாய்க்காலிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. 1980களில் கேஸெட் பரவிய காலத்தில் தென் ஜில்லாக்களில் வில்லுப்பாட்டுக் கேஸெட்டுகள் கடை கடையாக விற்றன. மைக் செட்டுக்காரரும் மிக்ஸரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப் ரிக்கார்டரில் செருகி வைப்பார். அதில் விழுவது கலந்த நீர்தான். அன்று குடம் அதிகமாக இருந்தால் என்றைக்கும் குடம் அதிகமாகவே இருக்கும்.

இனி முத்துக்குளிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். விஷயத்தை விட்டு ஓடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படம் கண் முன் இருந்தால், பின்னால் சொல்லப் போகும் யந்திர விவகாரம் சுலபமாக விளங்கும்.

கொற்கைக் காலத்திலிருந்து இந்தக் கடலில் முத்துக் குளித்தவனுக்குக் கண்ணாடியும் கிடையாது, காற்றுக் குழாயும் கிடையாது. சென்னை மாகாணத்தில் முத்து, மீன் இலாகாக்களைப் பார்த்துக்கொண்ட ஹார்னெல் துரை 1922இல் மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். குளியாளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் கனமான கல். அதில் காலை வைத்துக்கொண்டு அவன் அடிமணலுக்கு இறங்குவான். இறங்கியதும் மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். இன்னொன்றில் வலைக்கூடை. ஒரு நிமிஷம், கொஞ்சம் முன்பின்னாக, கைக்கு அகப்பட்ட சிப்பியை அதில் நிரப்பிவிட்டுக் கயிற்றைச் சுண்டுவான். சரக்கும் ஆளும் மேலே வந்துவிட வேண்டும். மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலியைக் காப்பாற்ற அண்ணனைவிட வேறு யாருக்கு அக்கறை? 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக் குளிப்பு நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். குளியாட்களின் வம்சத்தார் சிலர் இன்றைக்கும் சங்கு குளிக்கிறார்கள்.

இரண்டு கயிறு என்பதை நினைவில் வையுங்கள். இறக்குவதற்கு ஒன்று, ஏற்றுவதற்கு ஒன்று.

மிக்ஸரையும் கம்ப்யூட்டரையும் இணைத்த கதையிலும் இதே இரண்டு கயிறுகள்தாம். முதலில் வந்தது கட்டளைக் கயிறு. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த வாத்தியக் கண்காட்சி ஒன்றில், வெவ்வேறு கம்பெனிகள் செய்த இரண்டு மின்சார வாத்தியங்களை ஒரே வயரால் பிணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் கட்டையை அழுத்தினால் மற்றதும் பேசிற்று. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் காகேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று செய்த காரியம். ‘மிடி’ என்று அதற்குப் பெயர். போட்டிக் கம்பெனிகள் ஒரு பொதுப் பாஷைக்குச் சம்மதித்ததே பெரிய அதிசயம். அந்த இரண்டு பேருக்கும் முப்பது வருஷம் கழித்து 2013இல் கிராமி பரிசு கொடுத்தார்கள். இந்த வயரில் சங்கீதம் போகாது. நொடிக்கு 31,250 துணுக்கு என்ற வேகத்தில் உத்தரவுதான் போகும்: இந்தக் கட்டையை அழுத்து, இந்த மடையைத் தூக்கு, இதை இறக்கு. 1987இல் யமஹா கம்பெனி ஒலியை எண்களாக்கிக் கலக்கும் சிறு மிக்ஸர் ஒன்றை வெளியிட்டபோது அதற்கும் இந்தப் பாஷை தெரிந்திருந்தது. மடைகளின் உயரத்தை யந்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டது. வெளியிலிருந்து வரும் உத்தரவுக்கும் பணிந்தது. கல் இருக்கிறது, கூடை இல்லை. சிப்பி மேலே வரவில்லை.

கூடை வருவது கடினமான வேலை. ஒலியை எண்ணாக்குவது என்றால் ஒரு மைக்கில் விழும் அதிர்வை நொடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 இலக்கம் கொண்ட எண்ணாக எழுதுவது. முப்பத்திரண்டு மைக்குக்கும் இப்படி எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 16½ ஜிகாபைட் ஆகும். நாலு மணி நேர நிகழ்ச்சிக்கு 66. இதைத் தாங்கும் கயிறு 1983இல் இல்லை. 1991இல் ‘மேடி’ என்ற ஏற்பாடு வந்து, ஒரே கம்பியில் 56 ஒலிகளைக் கொண்டு போயிற்று. ஆனால் விலை பெரிய ஸ்டூடியோக்காரர்களுக்கே கட்டும். 1995இல் ‘ஃபயர்வயர்’, மறு வருஷம் ‘யு.எஸ்.பி.’ என்று கம்ப்யூட்டருக்குப் புதிய வாசல்கள் திறந்தன. 2005இல் டிஜிடிஸைன் கம்பெனி மேடைக் கச்சேரிக்கென்று செய்த மிக்ஸரை நேரே ஒலிப்பதிவுக் கம்ப்யூட்டரோடு சேர்த்தது. 2009இல் பிரீஸோனஸ் கம்பெனியின் சின்ன மிக்ஸர் ஃபயர்வயரோடு வந்தது. 2012இல் பெஹ்ரிங்கர் கம்பெனி முப்பத்திரண்டு வாய்க்கால் உள்ள மிக்ஸர் ஒன்றை விற்றது. யு.எஸ்.பி. வயரைச் செருகினால் முப்பத்திரண்டு ஒலியும் தனித்தனியே கம்ப்யூட்டருக்குள் போகும்; முப்பத்திரண்டும் திரும்பியும் வரும். அதுவரை இருந்த விலைவாசிக்கு அது பாதி விலைகூட இல்லை. அதோடு இந்த வித்தை சினிமா ஸ்டூடியோவை விட்டு இறங்கி, தசரா செட்டு ஏறும் வேன் வரைக்கும் வந்துவிட்டது.

இதற்கிடையில் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ஆடினேட் என்ற கம்பெனி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பிணைக்கும் சாதாரண நெட்வொர்க் வயரிலேயே நூற்றுக்கணக்கான ஒலிகளை அனுப்பும் ‘டாண்டே’ முறையைக் கண்டது. யு.எஸ்.பி. வயர் ஐந்து மீட்டருக்கு மேல் நீண்டால் சண்டித்தனம் செய்யும். நெட்வொர்க் வயரோ 100 மீட்டர் போகும். மேடைக்கும் பந்தலின் கடைக்கோடிக்கும் நடுவே இழுக்க இதுதான் தோது. நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவியின் பெயரை ஒலி வயருக்கு ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். திருவிழாக் காலத்தில் நாலு திசையிலும் ஸ்பீக்கர் கட்டிய தெருவில் குடியிருந்து பார்த்தால் ஒருவேளை விளங்கலாம்.

தூத்துக்குடியில் எனக்கு மைக் செட்டுக்காரத் தம்பி ஒருவன் உண்டு. பெயர் வேண்டாம். அவன் சொல்வதைக் கேட்டால் கம்பியைச் செருகிவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

“அண்ணாச்சி, மொதல்ல உப்புக் காத்து. அளத்துப் பக்கம் நாலு கொடை பாத்துட்டு வந்தா சொருவுத வாயெல்லாம் பூத்துப் போயிரும். தொடச்சுத் தொடச்சுத்தான் சொருவணும். ரெண்டாவது, கம்ப்யூட்டர் சார்ஜரு. அதைக் கரண்டுல சொருவுன ஒடனே ஸ்பீக்கர்ல ‘ஊம்’னு ஒரு சத்தம் வரும் பாருங்க, சாமியாடுதவன்கூட நின்னுருவான்.”

அந்த ‘ஊம்’ பூமித் தொடர்பில் வரும் கோளாறு. மிக்ஸருக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனி வழியாக மின்சாரம் வரும்போது இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே சிறு ஓட்டம் உண்டாகிறது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து கரண்டு எடுக்க வைக்க வேண்டும். அல்லது நடுவில் அதைத் தடுக்கும் சிறு பெட்டி ஒன்றைப் போட வேண்டும். அவசரத்துக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுவார்கள். எர்த் கம்பியையே வெட்டிவிடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்; மைக்கைப் பிடித்திருக்கும் பாடகர் உயிரோடு விளையாடுகிற வேலை அது.

இன்னொன்று கடிகாரம். மிக்ஸரும் அளக்கிறது, கம்ப்யூட்டரும் அளக்கிறது. இரண்டு பேர் கடிகாரமும் ஒன்றாக அடிக்க வேண்டும். யாராவது ஒருவர் எஜமான், மற்றவர் ஊழியர் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் ‘டிக் டிக்’ என்று வெடிச் சத்தம் விழும். நொடிக்கு 48,000 என்று பிடித்ததை 44,100 என்று வைத்து ஓட்டினாலோ வேறு கூத்து. 5 கட்டையில் பாடியவர் 4 கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவே முனகுவார். ஒரு மணி நேரக் கதை 65 நிமிஷம் ஆகும். தாமதம் வேறு. ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்ப நொடியில் நூறில் ஒரு பங்கு ஆனாலும், பாடுகிறவர் காதுக்கு ஸ்பீக்கர் மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் நகர்ந்துவிட்டது போல இருக்கும். ஆகையால் சாமர்த்தியமான ஆட்கள் பாட்டைக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவிட மாட்டார்கள். பாட்டு நேரே ஸ்பீக்கருக்குப் போகும்; பிரதி மட்டும் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் நடுவில் படுத்துவிட்டாலும் கொடை நிற்காது.

அந்தத் தம்பி ஒரு நாள் மத்தியானம் எனக்குக் காட்டிய வேடிக்கையை எழுதத்தான் வேண்டும். ஆத்தூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கோயில். பந்தலில் ஆள் இல்லை. மேடையில் வில் மட்டும் துணியால் மூடிக் கிடந்தது. தம்பி கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். முந்திய நாள் இரவு பாடிய அம்மாளின் குரல் மேடையிலிருந்து எழுந்தது. உடுக்கை சேர்ந்தது. குடம் சேர்ந்தது. மூடிக் கிடந்த வில் மணி குலுங்கியது. என் முதுகு சிலிர்த்துப் போயிற்று. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நேற்றுத் தனித்தனியே பிடித்த ஒலியை இன்றைக்கு அந்தந்த மைக்கின் இடத்தில் திருப்பி விடுகிறான். மிக்ஸருக்கு ஆள் பாடுவதாகவே எண்ணம். பஸ் பிடித்து வரும் கலைஞர்கள் வந்து சேருவதற்குள் எல்லா மடைகளையும் நிதானமாகச் சரி பார்த்து வைத்துவிடலாம். கையும் களைக்காது, அந்த அம்மாளின் தொண்டையும் களைக்காது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதி இருக்கிறது. சில திருவிழா நாட்களுக்குத்தான் நடுநிசி வரை விலக்கு. முன்பெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தை ‘ஹலோ மைக் டெஸ்டிங்’கில் கழித்தார்கள். இப்போது அந்த ஒரு மணிக்கு விலை ஏறிவிட்டது.

“இதை எல்லாம் எத்தனை நாள் வச்சிருப்பே, தம்பி?” என்று கேட்டேன்.

“எங்க வைக்க, அண்ணாச்சி? அடுத்த கொடைக்கு எடம் வேணும்லா? அழிச்சிருவேன். வேணும்னு கேட்டா ஒரு காப்பி போட்டுக் கொடுப்பேன். யாரு கேக்கா?”

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சற்று விசித்திரமாக இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதியவனுக்கு உரிமை உண்டு, பாடியவனுக்கு இல்லை. 1994இல் திருத்தம் வந்து, நிகழ்த்துகிறவனுக்கும் தனி உரிமை பிறந்தது. யார் யார் நிகழ்த்துகிறவர் என்று அந்தச் சட்டம் ஜாபிதா போடுகிறது: நடிகர், பாடகர், நாட்டியக்காரர், கழைக்கூத்தாடி, செப்பிடு வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவு செய்பவர். பாம்பாட்டியை ஞாபகம் வைத்துக்கொண்ட சட்டமன்றத்தாருக்கு என் வந்தனம். இவர்களுடைய சம்மதம் இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்யக் கூடாது; உரிமை 50 வருஷம். தன் பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமையும் 2012இல் சேர்ந்தது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கொடை விழாவில் மைக் செட்டுக்காரரிடம் பாட்டுக்காரர் கேட்பது, “தம்பி, சவுண்டு கொஞ்சம் கூட்டி வையி” என்பது ஒன்றைத்தான். தன் குரல் தனி எண்களாகப் பிரிந்து ஒரு பெட்டிக்குள் உட்காருகிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

வெளிநாட்டிலும் இந்தக் கதைக்கு ஓர் உதாரணம் உண்டு. கிரேட்புல் டெட் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போன பெட்டி கேன்டர்-ஜாக்ஸன் என்ற பெண்மணி, மேடை ஒலியைத் தன் காது சொன்ன அளவில் கலந்து டேப்பில் பிடித்து வைத்தார். 1980களில் அவருக்குக் கஷ்ட தசை. சாமான் வைத்திருந்த வாடகை அறைக்குப் பணம் கட்ட முடியவில்லை. டேப்புகள் ஏலம் போயின. வாங்கியவர்கள் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். அவர் 1977 மே 8ஆம் தேதி கார்னெல் சர்வகலாசாலையில் பிடித்த கச்சேரியை, 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசப் பொக்கிஷங்களின் வரிசையில் சேர்த்தது. வாடகை பாக்கிக்காக ஏலம் போன சரக்குகளில் ஒன்று தேசத்தின் பொக்கிஷமாயிற்று! அங்கே பதினாயிரக்கணக்கில் ரசிகர்கள் தேடினார்கள், கிடைத்தது. இங்கே வில்லுப்பாட்டுக்கு, சுப்பு ஆறுமுகம் போன்ற ஒருவருக்கு, வானொலியும் 2021இல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தன. அவர் குரல் நிற்கும். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் வாசற்படியை மிதித்தவர்களுக்கும் கொஞ்சம் கதி உண்டு. மிதிக்காதவர்கள்தாம் அதிகம்.

நான் மைக் செட்டுக்காரனைக் குறை சொல்லவில்லை. அவன் தொழில் ஒலியைக் கேட்கச் செய்வது, காப்பது அல்ல. ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க அவன் இரண்டு கொடைக்கு உழைக்க வேண்டும். கோயில் கமிட்டியார் வாண வேடிக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்கு போதும், அந்த வருஷத்துப் பாட்டு முழுவதையும் தனித்தனியே வைத்துக்கொள்ள. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரதி, பாடியவரிடம் ஒரு பிரதி, சம்மதக் கையெழுத்தோடு. இதை நான் அந்த ஊர்க் கமிட்டித் தலைவரிடம் சொன்னபோது அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மத்தியானம் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டுக்கார அம்மாள் வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். காலி மேடையில் தன் குரலே பாடுவதைக் கேட்டு ஒரு நிமிஷம் நின்றார். பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்தில் வந்து தம்பியிடம் கேட்டார்:

“இதுல ஒவ்வொருத்தர் சத்தமும் தனித்தனியாவா இருக்கு?”

“ஆமா, ஆச்சி.”

“போன வருசம் திருச்செந்தூர்ப் பக்கத்துல ஒரு கொடைக்கு நீதான வந்தே? அது இருக்கா?”

தம்பி தயங்கினான். அவருடைய வீட்டுக்காரர்தான் குழுவில் பின்பாட்டு. மாசி மாதம் போய்விட்டார் என்று எனக்கு அப்புறம் சொன்னான். பைக்குள்ளிருந்து பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துச் செருகி வெகுநேரம் தேடினான். அழித்திருப்பான் என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி மட்டும் அழியாமல் கிடந்தது. மற்ற மடைகளை எல்லாம் அடைத்துவிட்டு, மூன்றாவது வாய்க்காலை மட்டும் மெல்லத் தூக்கினான்.

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரருக்கு என்ன வேலை என்று தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். தலைமைப் பாட்டுக்காரர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். இவர் “ஆமா” போடுவார். கதை முழுவதும் அம்மாளின் வாய்க்காலில் இருந்தது, அதுதான் அடைபட்டிருக்கிறதே! தூரத்தில் உடுக்கை மட்டும் அந்த மைக்கில் லேசாகக் கசிந்தது. மற்றபடி நிசப்தம். பிறகு ஓர் ஆண் குரல், “ஆமா.” மறுபடி நிசப்தம். கொஞ்சம் செருமல். “ஆமா.”

அம்மாள் மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு நிசப்தத்திலும் அவர் உதடு அசைந்தது. விட்டுப் போன வரியை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள்ளிருந்து சரியான இடத்தில் “ஆமா” வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் பூசாரி வந்து விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லும் வரைக்கும் தம்பி அதை நிறுத்தவில்லை.